ஒரு பழைய அம்பாசிடரும் நாற்பது பக்க நோட்டும்

திருப்பூரில் பழைய சாமான் என்றாலே தூக்கிப் போடுவது என்றுதான் அர்த்தம். பழைய ஓவர்லாக் மெஷின் போனால் புதுசு வரும், பழைய ஆர்டர் போனால் புது ஆர்டர் வரும். அப்படிப்பட்ட ஊரில், எட்டு பவர் டேபிள் மெஷினை வைத்து ஜாப் ஒர்க் ஓட்டுகிற ஒருவர் 1988 மாடல் அம்பாசிடரை என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கார் அவருடைய அப்பா வாங்கியது. பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனது, கல்யாணத்துக்குப் போனது, கடைசியில் அப்பாவையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை அம்மாவை அவிநாசி கோயிலுக்குக் கூட்டிப் போவதோடு சரி.

ஒருநாள் திரும்பி வரும்போது பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினார். அதுதான் தப்பு. வீட்டு வாசலில் நின்ற வண்டி பிறகு கிளம்பவே இல்லை. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தது.

முதலில் வந்த மெக்கானிக் ஐந்து நிமிடம்தான் பார்த்தார். "ஃபுல் எஞ்சின் வேலைங்க. ரீபோர், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் சேர்த்து 65,000 ஆகும்" என்றார். தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த மாதம் அது. கையில் மிச்சம் இருந்தது 30,000. கோவையில் வேலை பார்க்கும் மகன் போனில், "அப்பா, எடைக்குப் போட்டுருங்க. அந்தப் பணத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல நல்ல வண்டியே வருமில்ல" என்றான். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய் பின் சீட்டைத் துடைத்துவிட்டு வந்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆர்.சி. அடுத்த மாதம் முடிகிறது. 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். வண்டி ஓடினால்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே கொண்டு போக முடியும். விண்டேஜ் கார் என்று பதிவு செய்யலாமே என்றால், 2021-இல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2038-இல்தான் ஆகும். அப்படியே ஆனாலும் தினப்படி ரோட்டில் ஓட்டக் கூடாது.

ஆக, 30,000 ரூபாயில் 10,000 கட்டணத்துக்குப் போய்விடும். எஞ்சினுக்கு மிச்சம் 20,000. அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி, அடியில் கோடு போட்டார்.

இரண்டாவதாக வந்தவர் வயசான மெக்கானிக். டாக்ஸி ஸ்டாண்டு அம்பாசிடர்களைப் பார்த்தே வாழ்ந்தவர். அவர் முதலில் கேட்ட கேள்வியே வேறு.

"ஏனுங்ணா, எஞ்சின் போச்சுன்னு அளந்து பார்த்தாங்களா, கண்ணால பார்த்தாங்களா?"

பெரிய செலவையும் சின்ன செலவையும் பிரித்தது அந்த ஒரு கேள்விதான். அவர் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தார். ஒன்றாவது சிலிண்டரில் 130 பவுண்ட், நான்காவதில் 125. நடுவில் இருக்கிற இரண்டிலும் மூன்றிலும் 60-ஐத் தாண்டவில்லை. அந்த இரண்டிலும் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து பிரஷர் ஏறும். ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒன்றாக இறங்கி, ஆயிலில் தண்ணீரும் கலந்திருந்தால் முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மேல்தான். ஹெட்டைக் கழற்றினால் அதேதான்! இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கெட் கருகிப் போயிருந்தது. போரில் தேய்மானம் அளவுக்குள்தான் இருந்தது, பேரிங்கும் நன்றாக இருந்தது. ரீபோர், பிஸ்டன், கிராங்க் மூன்றையும் நோட்டில் அடித்துவிட்டார்கள்.

இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 1957-இல் இங்கே கொண்டுவந்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்தது. இந்த வண்டியில் இருப்பது பி.எம்.சி. பி சீரிஸ் பெட்ரோல் எஞ்சின், 1489 சி.சி. இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பம்தான். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பு இரும்பு. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் போதும் :-)

கேஸ்கெட் ஏன் போனது? இதைக் கேட்காமல் புதுசு மாட்டினால் ஆறு மாதத்தில் அதுவும் போகும். ரேடியேட்டரின் மேல் டேங்கைப் பிரித்துப் பார்த்தபோது, குழாய்களில் பாதி சுண்ணாம்பு மாதிரி உப்பால் அடைத்திருந்தது. வருடக்கணக்காக ஊற்றியது போர் தண்ணீர். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, நிலத்தடி நீர் வரைக்கும் போனது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது அதனால்தான். வயலைக் கெடுத்த தண்ணீர் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கார் ரேடியேட்டர் அந்தக் கணக்கில் வராது.

வேலை இப்படி நடந்தது. ஹெட்டின் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜால் பார்த்தார்கள். 0.15 மில்லிமீட்டர் வளைவு. லேத் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து ஃபேசிங் போட்டார்கள், விரிசல் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார்கள். வால்வுகளை பேஸ்ட் போட்டுக் கையாலேயே தேய்த்து உட்கார வைத்தார்கள். இந்த வேலைக்கு சாமான் செலவு கம்மி, நேரம்தான் அதிகம். அதனால் ஓனரே இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்த்தார். பிளாக்கின் பக்கவாட்டு வெல்ச் பிளக்கைத் தட்டி எடுத்தபோது உள்ளேயிருந்து ஒரு மக் துருச்சேறு வந்தது. ரேடியேட்டர் குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பற்றவைத்தார்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் முறுக்கினார்கள். கண்மதிப்புக்கு முறுக்கினால் ஹெட் மறுபடி வளையும்.

நோட்டின் கணக்கு: கேஸ்கெட் செட் 3,200. ஃபேசிங், வால்வு வேலை 2,800. ரேடியேட்டர் 2,500. வாட்டர் பம்ப், ஹோஸ், தெர்மோஸ்டாட் 2,900. ஆயில் 3,000 (முதல் ஆயிலைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கழுவி ஊற்றிவிட வேண்டும்). கூலண்ட், சில்லறைச் சாமான் 1,000. கூலி 6,000. மொத்தம் 21,400. பட்ஜெட்டைவிட 1,400 அதிகம்.

பி.காம். பாடத்தில் மூழ்கிய செலவு என்று ஒன்று வரும். ஏற்கெனவே செலவழித்துவிட்டோம் என்பதற்காக மேலும் செலவழிக்கக் கூடாது. அந்தக் கணக்குப்படி மகன் சொன்னது தப்பே இல்லை. ஆனால் அவன் ஒப்பிட்டது 65,000 ரூபாயோடு. உண்மையான செலவு அதில் மூன்றில் ஒரு பங்குதான். எண்ணே தப்பாக இருந்தால் சூத்திரம் சரியாக இருந்து என்ன பயன்?

கொங்கு நாட்டுக்கு இது புதிதும் இல்லை. சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடு, ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் எஞ்சினைக் கற்றார். வசதி வந்த பிறகு கற்கவில்லை, கற்ற பிறகுதான் வசதி வந்தது.

வண்டி கிளம்பிய அன்று மகனும் வந்திருந்தான். முதல் இரண்டு முறை இருமியது, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. மெக்கானிக் ஆவி வருகிறதா என்று அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "கொஞ்ச தூரம் ஓட்டுங்ணா. ஆறின பெறகு நட்டை மறுபடி முறுக்கோணும், டேப்பட்டும் பார்க்கோணும்" என்றார்.

அதிகமான 1,400 ரூபாயை மகன் கொடுத்தான். ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. இன்னும் ஐந்து வருடம். டிக்கியில் இப்போது ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருக்கிறது. மேலே சாக்பீசில் எழுதியிருக்கிறது: "மழைத் தண்ணி. வேற ஊத்தாதே." அம்மாவின் கையெழுத்து.