மாளவத்தில் ஒரு மழைக்காலச் சுவை

மாளவ பீடபூமியில் மழை பெய்யும் அழகை நேரில் கண்டவர்களுக்கே அதன் அருமை விளங்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் உள்ள இந்தூர் நகரைச் சுற்றிலும் கரிசல் நிலம் பரந்து கிடக்கின்றது. ஆனி மாதத்தில் முதல் மழை விழுந்ததும் விதைப்பு தொடங்குகின்றது. ஆவணி பிறக்கும்போது தெருமுனைகள்தோறும் தள்ளுவண்டிகளில் பச்சைத் தோகை நீங்காத மக்காச்சோளக் கதிர்கள் குவிந்துவிடுகின்றன. கரி அடுப்பில் அவற்றைச் சுட்டு, எலுமிச்சம்பழத்தை உப்பில் தோய்த்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். ஆனால் நாங்கள் இங்கே எழுத எண்ணியது சுட்ட கதிரைப் பற்றியன்று. இவ்வூரார் விருந்துகளில் விரும்பிப் பரிமாறும் ‘புட்டே கா கீஸ்’ என்னும் பண்டத்தைப் பற்றி. ‘புட்டா’ என்றால் சோளக்கதிர். ‘கீஸ்’ என்றால் துருவல்.

எங்கள் தந்தையார் காலமான பின், தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் தனித்திருந்த அன்னையாரை இந்தூருக்கு அழைத்து வந்தோம். அவருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. நாங்கள் அலுவலுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றுவிட்டால், மாலை வரை சன்னலோரத்தில் அமர்ந்திருப்பார். நான்கு மாதம் கழிந்ததும், “என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்; இங்கே எனக்குப் பேச ஆளில்லை” என்றார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

ஒரு சனிக்கிழமை இரவு அவரைச் சராபா கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றோம். ஏழு நிலை மாடங்களோடு நிற்கும் ஓல்கர் மன்னர்களின் இராஜவாடா அரண்மனைக்கு அருகில் உள்ளது அத்தெரு. நம் நாட்டில் நாணய வணிகரைச் சராப்பு என்று வழங்கினோம் அல்லவா? அதே சொல்தான் இது. பகலெல்லாம் அங்கே பொன்னும் வெள்ளியும் விற்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் நகைக்கடைகளின் கதவுகள் சாத்தப்பட, அவற்றின் வாயிலிலேயே அடுப்புகள் மூளுகின்றன. நள்ளிரவு கடந்தும் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் அங்கே உலவுவதைக் காணலாம். தட்டளவு பெரிய ஜிலேபியும், தயிர்வடையும், குளிர்காலமாயின் பொரித்த கராடுக் கிழங்கும் அங்கே பெயர் பெற்றவை.

அன்னையார் எதையும் வேண்டாமென்றே நடந்து வந்தார். ஓர் அகன்ற இரும்புச் சட்டியின் முன் மட்டும் நின்றார். நெய்யில் பெருங்காயம் பொரியும் மணம் அவரை நிறுத்தியது. மஞ்சள் நிறத்தில் உப்புமாவைப் போல் தோன்றிய அதன்மேல் கொத்துமல்லியும் தேங்காய்த் துருவலும் தூவி, எலுமிச்சை பிழிந்து இலைத் தொன்னையில் கொடுத்தார் கடைக்காரர். ஒரு வாய் உண்டதும், “இது நம் வீட்டுப் பக்குவமாக இருக்கிறதே!” என்றார். இந்தூரை 1948 வரை ஆண்ட ஓல்கர்கள் மராட்டியர். தஞ்சையிலும் 1676 முதல் மராட்டியர் அரசு நடந்ததன்றோ? இதைச் சொன்னோம். “அரசர் கதை இருக்கட்டும்; இதைச் செய்வது எப்படி?” என்று கேட்டார் அவர்.

மறுநாளே முயன்றோம், தோற்றோம். பருத்த கதிர்களே நல்லவை என்றெண்ணி முற்றியவற்றை வாங்கி வந்ததால், எவ்வளவு பால் விட்டும் துருவல் மணலைப் போல் நறநறத்தது. தீய்ந்த வாடை அடுத்த வீட்டை எட்டியிருக்க வேண்டும். அங்கே வசிக்கும் முதியவர் (நாங்கள் மாஜி என்று அழைப்போம்) வந்து எட்டிப் பார்த்தார், சிரித்தார், தம் வீட்டிலிருந்து இளங்கதிர் ஒன்றைக் கொணர்ந்து, மணியில் நகத்தை அழுத்திக் காட்டினார். வெண்பால் தெறித்தது. அன்னையாருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்று அவர் காட்டிய முறை இது. பால் தெறிக்கும் இளங்கதிர் ஆறு எடுத்துத் தோகையையும் நாரையும் நீக்கி, காய்த் துருவியில் சீவ வேண்டும். மணியை உதிர்த்து அரைப்பதைவிட இதுவே சிறந்தது. தோல் பெரும்பாலும் கட்டையிலேயே தங்க, சதையும் பாலும் மட்டும் இறங்கும். இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் சீரகம், பெருங்காயம், நறுக்கிய பச்சை மிளகாய், இஞ்சி தாளித்து, மஞ்சள்தூளுடன் துருவலைச் சேர்த்து, பச்சை வாடை போகும்வரை இளந்தீயில் வறுக்க வேண்டும். பின்னர்ப் பால் ஒரு குவளையைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளற வேண்டும். கதிரிலுள்ள மாவுச்சத்து பாலை உறிஞ்சித் தடித்துக்கொள்ளும். ஆகையால் கையை எடுக்கலாகாது. இருபது இருபத்தைந்து நிமிடத்தில் நெய் ஓரத்தில் பிரியும். அப்போது உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்து இறக்கி, பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும். முன்னரே பிழிந்தால் பால் திரிந்துவிடும். அங்காடிகளில் கிடைக்கும் இனிப்புச் சோளத்தில் மாவுச்சத்து குறைவு. அதில் செய்தால் குழைந்து நீர்த்திருக்கும், தித்திப்பும் மிகும். நாட்டுக் கதிரே ஏற்றது.

அவ்வாண்டு ஆவணியில் எங்கள் தமிழன்பர்களின் கூடல் வந்தது. வீட்டுக்கொரு பண்டம் என்பது வழக்கம். வழக்கமான புளியோதரையை விடுத்து, நாற்பது பேருக்குக் கீஸ் கொண்டுபோவது என்று அன்னையாரே முடிவு செய்தார். தலைக்கொரு கதிர் என்று கணக்கிட்டு நாற்பது கதிர்களையும் இரு மூதாட்டியரும் எங்கள் கூடத்தில் அமர்ந்து சீவினர். ஒருவர் தமிழிலும் மற்றவர் மாளவியிலும் இடைவிடாது பேசிக்கொண்டிருந்தனர். இவர் அவரை ‘அக்கா’ என்றார். அவர் இவரை ‘பஹன்ஜி’ என்றார். என்ன பேசினார்கள் என்பதை அவர்களே அறிவர். கூடலில் பண்டம் ஆறி இறுகியபோது, பதறாமல் சூடான பால் அரைக் குவளை விட்டுக் கிளறி அதை மீட்டவரும் அன்னையாரே. “இது எங்கள் அக்கா வீட்டுச் சமையல்” என்று கேட்டவர்க்கெல்லாம் சொன்னார்.

அவர் மனம் மாறி இங்கேயே தங்கிவிடுவார் என்று நாங்கள் நம்பினோம். அவ்வாறு நிகழவில்லை. தை பிறந்ததும் ஊருக்குத் திரும்பினார். தம் வீட்டையும் வாசலையும் விட்டிருக்க அவரால் இயலவில்லை. நாங்களும் தடுக்கவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஆவணியில் தொலைபேசியில் அழைக்கிறார். முதலில் கேட்பது, “கதிர் வந்துவிட்டதா?” என்பது. அடுத்து, “அக்கா நலமா?” என்பது. எங்கள் நலம் விசாரிப்பது அதற்குப் பின்னர்தான்.

தொலைவிடங்களில் வாழும் நம் குடும்பத்தார் தத்தம் ஊரின் பண்டம் ஒன்றையேனும் அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வார்களாக. முக்கியமாக, வீட்டிலுள்ள முதியவர்களை அதற்கு அனுப்புவார்களாக.