அப்புவைத் தேடிப் போனோம்

"பாட்டி, நம்ம நாட்டுக்கு ஒரு மாஸ்காட் வரைஞ்சு எடுத்துட்டு வரணுமாம். எதை வரையட்டும்?"

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இது. அவளுக்குத் தெரிந்த மாஸ்காட், 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டுக்கு வைத்த 'தம்பி'. வேட்டி சட்டையில் கை கூப்பி நிற்குமே, அந்தக் குதிரை! எனக்குத் தெரிந்ததோ அப்பு.

என் வயதுச் சகோதரிகளுக்கு நினைவிருக்கும். 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. நம் நாட்டுக்குக் கலர் டி.வி. வந்த வருஷமும் அதுதான். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. இருந்தது. எல்லோரும் அங்கே போய்ப் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். என் மடியில் மூன்று வயசு மகன். பி.டி. உஷா இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கியதற்காக நாங்கள் கை தட்டினால், அவன் "அப்பு எப்பம்மா வரும்?" என்று என் முகத்தைத் திருப்புவான்.

அந்தப் போட்டியின் முத்திரை தில்லி ஜந்தர் மந்தர். அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? யானைக்குட்டி மட்டும் மனசில் நின்றுவிட்டது. நிற்காதா பின்னே! சிந்துவெளி முத்திரையில் யானை உண்டு. சாரநாத்தில் அசோகர் தூணின் உச்சியில் யானை உண்டு. நம்ம தெருமுனைப் பிள்ளையாருக்கும் அந்த முகம்தான். வடக்கு, தெற்கு என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. அதையும் பெரிய யானையாக வைக்காமல் குட்டியாக வைத்தார்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம். பெரிய யானை என்றால் ராஜாவும் படையும் நினைவுக்கு வரும். குட்டி என்றால் தூக்கிக் கொஞ்சத்தான் தோன்றும்.

"அந்த அப்பு நிஜ யானையா பாட்டி?"

"நிஜந்தான். குட்டிநாராயணன்னு பேரு, குருவாயூர்ப் பக்கம்" என்றேன். அதற்குமேல் எனக்கே தெரியாது.

அந்த ஜூலையில்தான் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆறாம் மாசச் சோறூட்டல். அதற்காகக் குடும்பத்தோடு குருவாயூர் கிளம்பினோம். சென்னையிலிருந்து குருவாயூருக்கே ரயில் இருக்கிறது. திருச்சூரில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 30 கி.மீ., பஸ்ஸில் போய்விடலாம். ஆண்கள் வேட்டி எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள்.

கைக்குழந்தைகளோடு வரிசையில் நின்று, குருவாயூரப்பன் சன்னிதியில் பேரனுக்கு முதல் வாய்ச் சோறு ஊட்டினோம். வெளியே வந்ததும் கேசவன் சிலையைப் பார்த்தோம். 1922-ல் நிலம்பூர் ராஜ குடும்பம் காணிக்கையாகக் கொடுத்த யானை அது. 1976-ல் ஏகாதசியன்றே உயிரை விட்டதாம். இன்றும் ஏகாதசி சமயத்தில் மற்ற யானைகள் வந்து சிலைக்கு மரியாதை செய்கின்றன.

"அப்புவுக்குச் சிலை எங்கே பாட்டி?" என்றாள் பேத்தி.

கோயிலிலிருந்து சுமார் மூன்று கி.மீ. தள்ளி இருக்கிறது புன்னத்தூர் கோட்டை. ஒரு காலத்தில் ராஜாவின் அரண்மனையாக இருந்த இடம். இப்போது தேவஸ்வம் யானைகளின் வீடு. முன்பு 60-க்கும் மேல் இருந்தன. இப்போது குறைந்துவிட்டன. நாங்கள் போனது யானைகளுக்குச் 'சுக சிகிச்சை' நடக்கிற மாசம். பச்சரிசிச் சாதம், பச்சைப் பயறு, கொள்ளு, கேழ்வரகு இவற்றோடு மஞ்சளும் உப்பும் சியவனப்பிராசமும் சேர்த்து, தேங்காய் அளவு உருண்டைகளாகப் பிடித்து ஊட்டுகிறார்கள். நம் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் கொடுக்கிற கவனம்தான்!

ஆனால் கால்களில் சங்கிலி. பேத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு வயதான பாகனிடம் போய், "அப்பு எங்கே தாத்தா?" என்று கேட்டாள்.

அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும். "குட்டிநாராயணனோ மோளே? அவன் போயாச்சு" என்றார்.

தில்லியில் நாடே கொண்டாடிய குட்டி, பிற்பாடு செப்டிக் டேங்க் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டதாம். அந்தப் புண் கடைசிவரை முழுசாக ஆறவில்லை. அத்தனை பெரிய உடம்பின் பாரத்தை நாலு காலும்தானே சுமக்கணும்? அதில் ஒன்று நொண்டியானால் மற்ற மூன்றுக்கும் கஷ்டம். வருஷக்கணக்கில் அவஸ்தைப்பட்டு, 2005 மே 14 அன்று கண்ணை மூடியது. யானைக்கு அதெல்லாம் சாகிற வயசே இல்லை.

2005-ல் என் மகனுக்கு இருபத்தாறு வயசு. பேப்பரில் வந்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அப்புவுக்காக என் மடியில் அழுதவன், இப்போது கோட்டை மதிலைப் பார்த்தபடி பேசாமல் நின்றான். அப்பு பெயரில் 1984-ல் தில்லியில் திறந்த 'அப்பு கர்' பூங்காவையும் 2008-ல் மூடிவிட்டார்கள்.

காகிதத்தில் வரைந்த அப்புவுக்கு வயசாகாது, பசிக்காது, கால் ஒடியாது. உயிருள்ள ஒன்றைக் காட்டி "இதுதான் எங்கள் நாடு" என்று சொல்லிவிட்டால், கொட்டகை பிரித்த பிறகும் அதைப் பார்த்துக்கொள்வது நம் கடமை இல்லையா? 2010-ல் யானையை நாட்டின் பாரம்பரிய விலங்கு என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டவள்தான் நானும். ஆனால் குட்டிநாராயணன் என்ன ஆனான் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே!

ஊர் திரும்பியதும் பேத்தி படத்தை வரைந்தாள். யானைக்குட்டிதான். நாலு காலையும் அழுத்தமாக ஊன்றி நிற்கிறது. சங்கிலி இல்லை. பக்கத்தில் வட்டமாக ஏதோ போட்டிருந்தாள்.

"இது என்னடி கண்ணு, சூரியனா?"

"இல்ல பாட்டி. குழிக்கு மூடி."

அன்று சாயங்காலமே கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். எங்கள் செப்டிக் டேங்க் மூடியின் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். எத்தனை நாளாக இருந்ததோ! மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு மாற்றிவிட்டோம். தவழ ஆரம்பிக்கப் போகிற பேரன் அடுத்த மாசம் வருகிறான்.

நீங்களும் உங்கள் வீட்டு மூடியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.