உலக்கைக்கும் நாசிக்குக்கும் நடுவே

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில் காரியாபட்டி தாண்டியதும், சன்னலோரம் உட்கார்ந்திருந்த பயணி கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். அறுத்துப் போட்ட கதிர் வெயிலில் காயும் வாசனை உள்ளே வந்தது. உளுந்தும் மல்லியும் சோளத்தட்டையும் கலந்த அந்த வாசனையை வைத்தே இன்ன மாதம் என்று சொல்லிவிடுவார்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. கோயில், கல்யாணம், இழவு என்று எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறார். இந்தத் தடவை வந்தது குதிரைவாலி உரிக்கும் ஓர் இயந்திரத்தைப் பார்க்க.

அருப்புக்கோட்டையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மல்லிகை. பேருந்து நிலையத்து வாசலிலேயே அரும்பு குவிந்து கிடக்கும். தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். பூவும் நெசவும் ஊருக்குள் நாலு காசு புழங்க வைக்கின்றன. ஊரைவிட்டுக் கிழக்கே திருச்சுழி சாலையில் திரும்பிவிட்டால் காட்சி மாறிவிடும். கருவேலம் மண்டிய கண்மாய், ஒற்றைப் பனை, தண்ணீர் ஓடிய தடம் மட்டும் தெரியும் குண்டாறு, நடுவே மானாவாரிக் காடு. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த இரண்டு மாதம் பொய்த்தால் அந்த வருஷமே பொய்த்த மாதிரிதான். 2018இல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டு: ஒன்று ராமநாதபுரம், மற்றது இந்த விருதுநகர்.

இப்படிப்பட்ட காட்டுக்கென்றே பிறந்த பயிர் குதிரைவாலி. புரட்டாசி கடைசியில் விதைத்துவிட்டால் இருக்கிற ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்து நூறு நாளுக்குள் வீடு வந்துவிடும். மதுரை வேளாண் கல்லூரி 2018இல் வெளியிட்ட எம்டியு-1 ரகம் 95 முதல் 100 நாளில் அறுவடைக்கு வருகிறது. உரம் அதிகம் கேட்காது, பூச்சி மருந்து அநேகமாகத் தேவையே இல்லை. தட்டை மாட்டுக்கு ஆகும். அரிசியைவிடப் பல மடங்கு நார்ச்சத்து. இத்தனை நல்ல குணமும் இருக்கிற தானியம் ஏன் வீட்டு உலையிலிருந்து இறங்கிப் போனது?

பதில் அதன் உமியில் இருக்கிறது.

கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. கதிரடித்துப் புடைத்தால் மணி கைக்கு வந்துவிடும். மாவாகத் திரிக்கலாம், கம்பங்கூழ் காய்ச்சலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி அப்படியில்லை. மணியை இறுக்கிக் கவ்விய பளபளப்பான உமி. அதை நீக்கினால்தான் அரிசி. பயணியின் நினைவில் அந்த வேலைக்கு ஒரு சத்தம் உண்டு. விடிகாலை நாலு மணிக்கு வாசலில் உலக்கை விழும் சத்தம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அம்மாவும் பெரியம்மாவும். பத்து நிமிஷம் குத்தி, அள்ளிச் சுளகில் போட்டுப் புடைத்து, உமி பறக்கவிட்டு, உரியாததை மறுபடி உரலில் கொட்டிக் குத்துவார்கள். இப்படி மூன்று நடை, நாலு நடை. வீட்டுக்கு ஒருவேளைச் சோற்றுக்கான அரிசி தேறும்போது வெயில் ஏறியிருக்கும்; அதற்கப்புறம் களையெடுக்கப் போக வேண்டும். அம்மாவின் உள்ளங்கையில் காய்ப்பு ஏறி நாணயம் போலக் கிடந்ததைத் தொட்டுப் பார்த்தது இன்னும் அவர் விரலில் இருக்கிறது.

அதனால்தான் ரேஷன் அரிசி வந்ததும் பெண்கள் உரலைக் கவிழ்த்து வைத்தார்கள். 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து இலவசமே ஆனது. பசியை விரட்டியதில் அந்த அரிசிக்குப் பெரும் பங்குண்டு. பாரம்பரியத்தைக் கைவிட்டார்கள் என்று அந்தப் பெண்களைக் குறை சொல்லிப் பேசுகிற யாரும் ஒரு மரக்கால் குதிரைவாலியை உரலில் குத்திப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அவர்கள் விட்டது தானியத்தை அல்ல, இடுப்பு ஒடியும் வேலையை.

தானியம் மட்டும் விளைந்துகொண்டே இருந்தது. யாருக்காக? சிறுதானியங்களை உமி நீக்கும் பெரிய ஆலைகள் மகாராஷ்டிராவின் நாசிக் பக்கம் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சிறுதானியம் வியாபாரிகள் கை மாறி, மூட்டை மூட்டையாக லாரி ஏறி அங்கே போகிறது. வடக்கே விரத நாள்களில் அரிசி, கோதுமை சேர்க்காதவர்கள் சமைப்பது இந்தக் குதிரைவாலியும் சாமையும்தான். உரித்த அரிசியில் ஒரு பங்கு பாக்கெட்டில் ஏறித் திரும்பவும் தெற்கே வருகிறது, பல மடங்கு விலையில். களத்து மேட்டில் விற்றவருக்கு அதை வாங்கக் கட்டுப்படியாகாது.

இந்த முடிச்சை அவிழ்க்க நடந்த முயற்சியில் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 2011 முதல் 2014 வரை, கனடாவின் ஐடிஆர்சி நிறுவன நிதியுதவியோடு, கனடாவின் மெனோனைட் பல்கலைக்கழகம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், நேபாளத்தின் லி-பேர்ட் அமைப்பு ஆகியவற்றுடன் சேர்ந்து சிறுதானியங்களை மீட்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. ஜவ்வாது மலையும் அஞ்செட்டியும், குதிரைவாலி விளையும் பேரையூரும் அதன் தமிழ்நாட்டுக் களங்கள். பேரையூர் அருப்புக்கோட்டையிலிருந்து வடமேற்கே, விருதுநகர் மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது. ரகம், விதை, சமையல் என்று பலதையும் தொட்ட அந்தத் திட்டம் கடைசியில் வந்து நின்றதும் உமியில்தான். ஊரிலேயே உரிக்க வழியில்லை என்றால் மற்றது எதுவும் நிலைக்காது. பிறகு மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்த அடுத்த கட்டத்தில், சின்ன ஆலைகளுக்கான உமி நீக்கும் இயந்திரங்களைச் சரிசெய்து பரப்புவதற்கு முதலிடம் தந்தார்கள்.

இயந்திரத்தின் தத்துவம் எளிது. காட்டில் பரண்மேல் நின்று குருவி விரட்டுகிறவர் கவணில் கல்லை வைத்துச் சுழற்றி விடுவாரே, அதேதான். மேலே தகரப் புனலில் கொட்டும் தானியம் வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தின் நடுவில் விழுகிறது. சக்கரம் அதை வீசி எறிகிறது. மணி சுற்றுச்சுவரில் போய் மோதுகிறது. மோதிய வேகத்தில் உமி வெடித்து விலக, கீழே ஊதும் காற்று உமியைத் தனியே தள்ளிவிடுகிறது. குருந்தக்கல்லில் உரசி உரிக்கும் பழைய முறையில் தவிடும் சேர்ந்து தேய்ந்துபோகும், மணியும் நொறுங்கிக் குருணையாகும். இதில் தவிடு அரிசியோடு தங்குகிறது. சத்து இருப்பதும் அங்கேதான். ஆனால் பக்குவம் வேண்டும். ஈரம் இருந்தால் உமி விடாது. வேகம் கூடினால் மணி உடையும், குறைந்தால் பாதி அப்படியே வரும். பெரிய மணியும் பொடி மணியும் கலந்து போட்டால் இரண்டும் கெடும். முதலில் சல்லடையில் பிரித்தாக வேண்டும்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையில் பயணி போய் நின்ற கொட்டகை பத்துக்குப் பதினைந்து அடி இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இயந்திரம் ஆள் உயரம்கூட இல்லை. பச்சைப் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது. மகளிர் குழுவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஓட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் துண்டைச் சுற்றி, கண் மட்டும் தெரிந்தது. ஓர் அப்பத்தா சும்மாட்டின் மேல் கால் மூட்டை குதிரைவாலி சுமந்து வந்து இறக்கினார். மூச்சு வாங்க ஓரமாக உட்கார்ந்தார்.

“அப்பத்தா, நல்லாக் காஞ்சிருக்கா?”

“கடிச்சுப் பாரு தாயி.”

அந்தப் பெண் ரெண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். ‘டிக்’ என்று சத்தம் கேட்டது. தலையை ஆட்டிவிட்டு மோட்டாரைப் போட்டார். முதல் நடையில் விழுந்தது சாம்பலும் வெள்ளையுமாகக் கலந்திருந்தது. அதையே மறுபடி கொட்டினார். இரண்டாவது நடையில், மங்கிய சந்தன நிறத்தில், பொடிப்பொடியாக அரிசி இறங்கியது. அப்பத்தா எழுந்து வந்து ஒரு கை அள்ளினார். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, ஊதி, உள்ளங்கையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முழுதாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை. பயணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் விடிகாலைகள் கண்முன் வந்தன. கொஞ்ச நேரம் அவரால் பேச முடியவில்லை.

“இதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க அப்பத்தா?”

“விதைக்குக் கொஞ்சம் வச்சுக்கிட்டு யாவாரிக்குப் போட்ருவோம். யாரு குத்துறது தம்பி? இப்பத்தேன் பேரப்புள்ளைக்குக் கஞ்சி வைக்கிறேன்.”

உமியைத் தனிச் சாக்கில் கட்டி வாங்கிக்கொண்டார் அப்பத்தா. அடுப்புக்கு ஆகுமாம்.

திருச்சுழிக்குத் தென்கிழக்கே போனால் கமுதி. அங்கே சுமார் 2,500 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். 2016 செப்டம்பரில் முழுதாக இயங்கத் தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சபிக்கப்பட்ட பூமியில் வெயிலையே விளைச்சலாக்கியது பெரிய காரியம்தான். அந்த மின்சாரம் கம்பி ஏறி மாநிலத்தின் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. கொட்டகையில் ஓடும் சின்ன மோட்டார் தரும் பலன் அந்த ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. இரண்டும் வேண்டும். ஆனால் தொழில்நுட்பம் என்று சொன்னதும் நம் கண் முதலாவதன் பக்கமே ஓடுகிறது. இரண்டாவதைப் படம் பிடிக்கக்கூட ஆள் வருவதில்லை என்பது பயணியின் ஆதங்கம்.

பெரிய ஆலைக்கே உரியது என்று நினைத்த ஒன்றை ஏழைக்கு எட்டும்படி ஆக்குவது இந்தக் கரிசல் பக்கத்துக்குப் புதிதல்ல. எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரைக்கு வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை நூறு டாலரைத் தாண்டும். 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு அந்த விலையை இறக்கினார்கள். 2004 முதல் சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் வந்தன. அங்கே எடுக்கும் கண்ணின் படத்தை மதுரையில் இருக்கும் மருத்துவர் பார்த்துப் பேசுகிறார். லென்ஸில் நடந்தது உமியிலும் நடக்கலாம்.

நடக்க இன்னும் சில படிகள் ஏற வேண்டும். கொட்டகையில் பயணி பார்த்த பெரிய குறை கல். தார்ச்சாலையில் பரப்பிக் கதிரடிப்பதால் மணல் சேர்ந்துவிடுகிறது. மணிக்குச் சமமான அளவில் இருக்கும் பொடிக்கல்லைச் சுளகால் முழுதாகப் பிரிக்க முடியாது. கல் நீக்கும் இயந்திரம் தனியாக உண்டு, அந்தக் கொட்டகைக்கு அது வரவில்லை. ஒரு வாய்ச் சோற்றில் ஒரு கல் கடிபட்டால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் ரேஷன் அரிசிதான். இரண்டாவது, தவிடு தங்கிய அரிசி நெடுநாள் தாங்காது. எண்ணெய்ப் பசையால் காறல் வாடை அடித்துவிடும், வண்டும் விழும். ஆகவே தானியமாகவே வைத்திருந்து தேவைக்குத் தேவை உரிக்க வேண்டும். அதற்கு ஆலை நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, பெல்ட் அறுந்தாலோ சக்கரம் தேய்ந்தாலோ பார்ப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நெல் மில் பிட்டருக்கு இந்த இயந்திரம் பழக்கமில்லை.

இவற்றில் எதுவும் தீராத நோயில்லை. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வறண்ட நிலத்துக்கான சீத்தாப்பழ ரகம் ஏபிகே-1 அங்கே உருவானது. அதே வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இந்த இயந்திரங்களைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? இந்தியா முன்மொழிந்து ஐ.நா. ஏற்று, 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக உலகமே கொண்டாடியது. அந்த ஆண்டு நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ரேஷனில் சிறுதானியம் கொடுக்க இடம் தருகிறது. விருதுநகர் மாவட்டத்துக் குதிரைவாலியை இங்கேயே உரித்து, இங்கேயே சத்துணவுக்கும் ரேஷனுக்கும் கொடுத்தால் நாசிக் வரை லாரி ஓட வேண்டியதில்லை.

சாயங்காலப் பேருந்துக்கு முன் பயணி திருச்சுழி பூமிநாதர் கோயில் வாசலில் சற்று நின்றார். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதால் வெளியூர்க் கார்கள் நாலைந்து நின்றன. வந்தவர்கள் தரிசனம் முடித்து, ரமணர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பயணியின் கையில் இரண்டு கிலோ குதிரைவாலி அரிசி, துணிப்பையில்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயிலுக்கு வந்தால் திரும்பும்போது மகளிர் குழு ஆலை எங்கே என்று கேளுங்கள். தை, மாசியில் வந்தால் புதுத் தானியம் கிடைக்கும். வெளேரென்று தீட்டியதை விட்டுவிட்டு, தவிட்டு நிறம் தங்கியதாகப் பார்த்து ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்குங்கள். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் போதும், சோறு உதிரியாக வரும்.