வேட்டியில் விரியாத பாய்

டோம்பிவிலியில் ஒரு பழைய ஃபிளாட். வரவேற்பறை அலமாரியின் மேல் நீண்ட காலம் நின்றது ஒரு கப்பல். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று மரங்கள் உண்டு, அவற்றைத் தாங்கும் கயிறுகள் உண்டு. பாய் மட்டும் இல்லை.

அசல் கப்பலின் பெயர் ‘கட்டி சார்க்’. சீனத் தேயிலையை லண்டனுக்கு விரைவாகக் கொண்டுவர, 1869-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் கட்டப்பட்டது. நேரம்தான் சரியில்லை. அது நீரில் இறங்குவதற்கு ஐந்து நாள் முன்பு சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் போக, தேயிலை வியாபாரம் கைநழுவியது. பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி சுமந்து வேகத்தில் பெயர் வாங்கிய அந்தக் கப்பல், இப்போது லண்டன் கிரீனிச்சில் காட்சிப்பொருள்.

96-ல் ஒரு பங்கு அளவில் அதன் பிளாஸ்டிக் ‘கிட்’டை வாங்கி வந்தவர் வீட்டின் மூத்தவர். சரக்குக் கப்பல் எஞ்சினியர். அதே சூயஸைப் பலமுறை கடந்தவர். விடுமுறைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிவந்தார். 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

மிச்சத்தை முடிக்க உட்கார்ந்தவர் தம்பி, ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர். கிட்டில் இருந்த பிளாஸ்டிக் பாய்கள் மஞ்சள் பாய்ந்து மொறுமொறுத்திருந்தன. ஓரம் வெட்டும்போதே இரண்டு விரிசல் விட்டன. அண்ணனின் வேட்டியிலேயே பாய் தைத்துவிடலாம் என்று அவர் தீர்மானித்தார்.

காசாளருக்குக் கணக்குதான் இடித்தது. வேட்டித் துணி கால் மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டாலும், 96 மடங்கில் அது 24 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஓர் அங்குலம். காற்றில் விரிய வேண்டிய பாய் மெத்தையாகத் தொங்கும். ஆனாலும் வேட்டியை விட மனம் வரவில்லை. ஒரு வாரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, அவர் பார்க்க ஆசைப்பட்டது கப்பலை. வேட்டியை இல்லை” என்றார் அண்ணி.

பட்டக் கடையிலிருந்து வெள்ளைத் தாள் வந்தது. அசல் பாய்கள் இரண்டடி அகலத் துணிகளை இணைத்துத் தைத்தவை. 96-ல் ஒரு பங்கில் அது கால் அங்குலம். அந்த இடைவெளியில் தையல்களைப் பென்சில் கோடுகளாக இழுத்தார். தேயிலைக் கப்பலாயிற்றே, தேநீரிலேயே முக்கி நிறமேற்றலாமா என்று தோன்றியது. அதன் அமிலம் நாளடைவில் தாளை அரிக்கும் என்பதால் நீர்த்த வண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார். உடையாத பழைய பாய்களே அச்சாயின. அவற்றின் மேல் பாலிதீன் போர்த்தி, பசை கலந்த நீரில் நனைத்த தாளைப் படியவைத்தார். முதல் நான்கு கிழிந்தன. ஐந்தாவது, காய்ந்ததும் காற்று நிறைந்த வயிறோடு எழுந்து வந்தது.

நிஜப் பாய்களுக்கு ஓரத்தைச் சுற்றிக் கயிறு வைத்துத் தைப்பார்கள். இல்லாவிட்டால் காற்று கிழித்துவிடும். இங்கேதான் வேட்டிக்கு வேலை கிடைத்தது. அதிலிருந்து உருவிய இழைகளை இரண்டிரண்டாக முறுக்கி, பிசிர் படியத் தேன்மெழுகு தடவி, ஒவ்வொரு பாயின் ஓரத்திலும் ஒட்டினார். அந்த அளவுக்கு அதுவே பொருத்தமான கயிறு.

எல்லாப் பாய்களும் ஏறின. பெருமரத்தின் அடிப்பாயை மட்டும் அவர் விரிக்கவில்லை. சுருட்டினால் உருண்டை பெருத்துவிடும் என்று உயரத்தில் மூன்றில் ஒரு பங்கே வெட்டி, சுருட்டிக் கட்டினார்.

“அது ஏன் மூடிக்கிடக்கு?” என்று கேட்டார் அண்ணி.

“விரித்தால் தளம் மறைஞ்சிடும் அண்ணி. அது அண்ணன் செஞ்சது.”

அண்ணி குனிந்து தளத்தைப் பார்த்தார். பிறகு, ஒரு சாண் இழை குறைந்த அந்த வேட்டியை மடித்து மீண்டும் பீரோவுக்குள் வைத்தார்.