நான்கு நிமிடம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில், ஆந்திர மாநிலத்துத் தடாவை அடுத்து அமைந்துள்ளது ஸ்ரீ சிட்டி. அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் கணினிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தேன்.

ஒருநாள் காலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து பேருந்தில் வரும் அக்கா ஒருவர் என் அறை வாயிலில் நின்றார்.

"தம்பி, என் கைப்பேசியில் மணி 5.57. வாயிற்கணினி 6.01 என்று பதிந்துவிட்டது. அரைநாள் கூலி போய்விடுமே!" என்றார். முந்திய மாதமும் இவ்வாறே நேர்ந்ததாம். கணினி தவறாது என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை, சொல்லவில்லை.

வாயிற்கணினியின் கட்டளைத் திரையில் 'டைம்டேட்சிடிஎல்' என்று தட்டினேன். நேர ஒருங்கிணைப்பு நிறுத்தப்பட்டுள்ளது என விடை வந்தது. நிறுத்தியவன் நானே. எட்டு மாதங்களுக்கு முன் அக்கணினியை இடம் மாற்றியபோது நிறுத்தியவன், மீண்டும் இயக்க மறந்துவிட்டேன்.

குவார்ட்சுப் படிகத்தின் அதிர்வை எண்ணியே கணினி நேரம் காக்கிறது. அது நாளுக்கு ஒரு நொடி பிறழ்வது வியப்பன்று. 240 நாளில் அதுவே நான்கு நிமிடம். ஆகவே கணினிகள் அவ்வப்போது பிறரிடம் மணி கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு இந்தியச் சீர்நேரத்தைப் பேணுகிறது. அதன் வழங்கியிடம் இணையவழி கேட்கலாம். கேள்வி சென்று விடை வர ஆகும் நேரத்தையும் அளந்து, அதில் பாதியைக் கணினி கணக்கில் சேர்த்துக்கொள்ளும். முற்காலத்தில் இவ்வேலையைத் தந்தி செய்தது. 1906ஆம் ஆண்டுக்கு முன் இந்தியப் புகைவண்டிகள் சென்னை வானாய்வகம் கணித்த நேரப்படியே ஓடின!

கடிகாரத்தைத் தொடாமல் வேறுபாட்டை மட்டும் காட்டும் கட்டளையை அடுத்து இட்டேன். கணினி 240 நொடி முந்தியிருந்தது. உடனே திருத்தவில்லை, கடிகாரம் பின்னோக்கித் தாவினால் அதே நான்கு நிமிடம் இருமுறை பதிவாகும். எவரும் நுழையாத நண்பகலில், ஒரே வரிக் கட்டளையால் ஒருங்கிணைப்பை மீண்டும் இயக்கினேன்.

பழைய பதிவேடு அவ்வளவு எளிதாக இல்லை. நிறுத்திய நாள் என் குறிப்பேட்டில் இருந்தது. அன்றிலிருந்து நாளுக்கு ஒரு நொடி வீதம் கழித்துக்கொண்டே வந்தேன். தாமதம் என்று பதியப்பட்டவர்களுள் பதினொருவர் உண்மையில் நேரத்தோடு வந்தவர்கள். பட்டியலின் அடியில், தவறு என்னுடையது என்றெழுதிக் கையொப்பமிட்டு மேலாளரிடம் கொடுத்தேன்.

அக்காவுக்குக் கூலி திரும்பக் கிடைத்தது. பதினொருவருள் இருவர் அதற்குள் வேலையை விட்டு ஊர் திரும்பியிருந்தனர். அவர்களுடைய முகவரிகளைத் தேடித் தந்தவரும் அந்த அக்காதான்.