18 வெள்ளிக் கணக்கு

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் எங்கள் சுண்ணாம்புக்குளத்தில் ஜன்னல் கதவு அதிரும். 2015 டிசம்பர் 16 சாயங்காலம் கிளம்பிய ராக்கெட் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் போன ஆறு செயற்கைக்கோள்களும் சிங்கப்பூருடையவை. மொட்டை மாடியில் என் பக்கத்தில் நின்று பார்த்த தம்பி சொன்னான்: "அக்கா, நான் அவங்க ஊருக்குப் போயி உழைச்சேன். அவங்க சாமான் நம்ம ஊர்ல வந்து ஏறுது பாரு." சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தான்.

தம்பி இப்போது இல்லை. போன வருஷம் தலைத்திவசம் முடிந்த மறுநாள்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. அவன் 11 வருஷம் இருந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும். தனியாக.

வீட்டில் சொன்னதும் எதிர்பார்த்ததுதான் நடந்தது.

"அம்மா, உனக்கு 65 வயசு. முட்டி வலி, பிரஷர் மாத்திரை. தனியா எதுக்கு? அடுத்த வருஷம் லீவு போட்டு நாங்களே கூட்டிட்டுப் போறோம்" என்றான் மகன். அந்த அடுத்த வருஷம் நாலு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. மருமகள், "அத்தை, அது ரொம்ப செலவு பிடிக்கிற ஊர். ஒரு காபி குடிச்சாலே முந்நூறு ரூபாயாம்" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இன்னாம்மா, சிங்கப்பூருக்குத் தனியாவா?" என்று வாயில் கை வைத்தார்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். 1983-ல் சேர்ந்தபோது பல குப்பங்களுக்குச் சரியான ரோடு கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு படகில் போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் "தனியா போகாதே" என்று ஒருவரும் சொன்னதில்லை. வயிற்று வலியோடு ஒருத்தி காத்திருந்தாள், அதனால் போனேன். இப்போது யாரும் காத்திருக்கவில்லை என்பதால்தான் எல்லோருக்கும் பயம் வருகிறது.

ஆனால் செலவு விஷயத்தில் மருமகள் சொன்னது சரி. பென்ஷனில் வாழ்கிறவள் கணக்குப் போடாமல் கால் எடுத்து வைக்க முடியாது. அதனால் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி எழுத ஆரம்பித்தேன்.

முதலில் சென்னையில் ஒரு டூர் கம்பெனியில் விசாரித்தேன். விளம்பரத்தில் போட்டிருந்த தொகை இரண்டு பேர் ஓர் அறையில் தங்குவதற்கான ஆள் கணக்காம். ஒற்றை ஆளாகப் போனால் அறை வாடகை முழுவதும் நம் தலையில். எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய் என்றார்கள். அவர்கள் காட்டிய பட்டியலில் பொம்மை உலகமும் ராட்டினமும் இருந்தன. நான் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தம்பி 1997-ல் போனான். துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. தினக்கூலி 18 வெள்ளி. அங்கே டாலரை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஓவர்டைம் தனி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுக்கு வந்து போன் கார்டு வாங்கிப் பேசுவான். 2005-ல் என் மகன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தார். நாலு வருஷத்தில் மூன்று வருஷ ஃபீஸ் தம்பி அனுப்பியது. அப்போது ஒரு வெள்ளி 26, 27 ரூபாய். அவன் ஒரு நாள் முழுக்க வெயிலில் இரும்பு தேய்த்தால் நமக்கு 470 ரூபாய் போல வரும்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒருநாள் கேட்டேன். "அங்க என்னடா பாத்தே?" "கப்பல் அடிப்பக்கம் பாத்தேன் அக்கா. மத்ததெல்லாம் பாக்கத் துட்டு வேணுமே" என்றான்.

அதனால் நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு தீர்மானம் எழுதினேன். சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் சேர்ந்து ஒரு நாளைக்கு 18 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. இன்றைக்கு ஒரு வெள்ளியை 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,260 ரூபாய்.

முடியுமா என்றால், முடியும் என்றுதான் தெரிகிறது. அந்த ஊரில் ஹாக்கர் சென்டர் என்று இருக்கிறது. தெருவில் வண்டி போட்டு விற்றவர்களை எல்லாம் அரசாங்கம் ஒரே கூரையின் கீழ் கொண்டு வந்த சாப்பாட்டுக் கூடம். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில்கூட அது இடம் பிடித்தது. சிராங்கூன் ரோட்டுத் தேக்கா சென்டரில் நம் சாப்பாடே கிடைக்கும். ஒரு வேளைக்கு 4 முதல் 6 வெள்ளி. பெரிய ஓட்டலில் பில்லுக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 9 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் ஏறும்; இங்கே பலகையில் எழுதியிருக்கும் விலைதான். சாப்பிட்ட தட்டை மட்டும் நாமே எடுத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் ஒரு பாட்டில் கையில் இருந்தால் போதும்.

போக்குவரத்தும் அப்படித்தான். சாங்கி விமான நிலையத்துக்கு உள்ளேயே ரயில் வருகிறது. எக்ஸ்போ என்ற ஸ்டேஷனில் ஒரே ஒரு முறை மாறினால் லிட்டில் இந்தியா. இரண்டு வெள்ளி சொச்சம்தான் ஆகும். டாக்ஸி என்றால் அதைப்போல் பத்து மடங்கு.

இந்தப் பக்கமும் அதே மாதிரி. ஆரம்பாக்கத்தில் ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் மீனம்பாக்கம். காரில் போனால் ஆகும் வாடகையில் எனக்கு அங்கே இரண்டு நாள் சாப்பாடு.

எல்லாவற்றையும் இப்படிக் குறைத்துக்கொண்டே வந்த எனக்கு ஆசை மிஞ்சிவிட்டது. தங்குவதற்கு ஒரு விடுதியில் கட்டில் மட்டும் 35 வெள்ளி என்று பார்த்தேன். எட்டுப் பேர் ஓர் அறையில். தம்பி 12 பேரோடு படுத்தான், நமக்கென்ன என்று நினைத்தேன். நல்லவேளையாக போன் போட்டுக் கேட்டேன். காலியாக இருந்தது மேல் கட்டில்தான். ஏணி வைத்து ஏற வேண்டும். லிப்ட் கிடையாது, இரண்டாம் மாடி.

அன்றைக்கு ராத்திரி நோட்டை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். ஏரிக்கரையில் எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், "பஸ் காசை மிச்சம் பிடிக்கிறேன்னு செக்கப்புக்கு வராம இருக்காதே, அப்புறம் படகையே விக்க வேண்டி வரும்" என்று. ஊருக்குச் சொன்னதை நான் மறந்துவிட்டேன். இந்த வயதில் நமக்குக் கையை இழுத்துப் பிடிக்கக் கூடாத செலவுகள் சில இருக்கின்றன. அவற்றை நோட்டில் தனியாகச் சிவப்பு மையில் எழுதினேன்.

ஒன்று, அறை. ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், லிப்ட் உள்ள, சுத்தமான கழிப்பறையுடன் தனி அறை. 105 வெள்ளி. தம்பியின் ஆறு நாள் கூலி எனக்கு ஒரு ராத்திரி வாடகை. எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. அவன் இருந்திருந்தால் "ஏணியில ஏறி விழப் போறியா அக்கா?" என்றுதான் திட்டியிருப்பான்.

இரண்டு, விமான நேரம். நடு ராத்திரியில் கிளம்பும் விமானம் மலிவு. விடிகாலையில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆனால் அறையைப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள். தூங்காத கண்ணோடு அதுவரை எங்கே உட்காருவது? வெளிச்சத்தில் போய்ச் சேரும் விமானமாகப் பார்த்தேன். பயணம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று, பயணக் காப்பீடு. 60 தாண்டினால் பிரீமியம் கூடுதல்தான். இருந்தாலும் பிரஷர் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதித்தான் எடுக்க வேண்டும். மறைத்து எடுத்த காப்பீடு ஓட்டைப் படகு மாதிரி, கரையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மாத்திரைகளை அதன் அட்டையிலேயே வைத்து, டாக்டர் சீட்டோடு கைப்பையில் எடுத்துப் போக வேண்டும்.

விசா பற்றியும் சொல்லிவிடுகிறேன். நமக்கு விசா வேண்டும். அங்கே நமக்காக விண்ணப்பிக்க ஆள் இல்லையென்றால், அவர்கள் அங்கீகரித்த முகவர் வழியாகப் போட வேண்டும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, அதற்கு மேல் முகவர் கூலி. கூலி ஆளுக்கு ஆள் மாறும், மூன்று இடத்தில் கேளுங்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் பக்கம் எதுவானாலும் போலி.

கடைசிக் கணக்கு இது: விமானம் 24,000. விசாவும் காப்பீடும் 6,000. ஐந்து ராத்திரி அறை 36,750. ஆறு நாள் சாப்பாடும் ரயிலும் 7,560. கோயில் தட்டு, பேரப்பிள்ளைகளுக்குச் சாமான் என்று 4,200. அவசரத்துக்கு 10,000. ஆக மொத்தம் 88,510 ரூபாய். வங்கியில் சொல்லி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் திறந்தாகிவிட்டது.

என்ன பார்க்கப் போகிறேன் என்று கேட்பீர்கள். நான் பார்க்க ஆசைப்படுவதில் முக்கால்வாசிக்குக் கட்டணமே இல்லை. 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயில். சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மன். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. அந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரையாகவே இருந்ததாம், மண் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். பிறகு சுங்கை பூலோ சதுப்பு நிலம். அது முன்பு இறால் பண்ணையும் மீன் குட்டையுமாக இருந்த இடம். பறவைகள் வருவதைப் பார்த்து அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பூநாரையும் இறாலும் பார்த்து வளர்ந்த எனக்கு அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. சீனப் புத்தாண்டு சமயத்தில் வாடகையும் ஏறும், கடைகளும் மூடும் என்பதால் மார்ச் முதல் வாரம் குறித்திருக்கிறேன். அதுவரை பறவைகள் இருக்கும்.

பயணத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும். அன்று சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் நிற்க வேண்டும். மறுநாள் மேற்கே போகும் ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை போவேன். அதன் பெயர் துவாஸ் லிங்க். பட்டறைக்குள் நம்மை விட மாட்டார்கள் என்று தெரியும். ஸ்டேஷன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதே ரயிலில் திரும்பிவிடுவேன். மொத்தச் செலவு ஐந்தாறு வெள்ளிதான் ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தபோது நோட்டைக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவன், "அது என்னம்மா 18 வெள்ளி?" என்றான். சொன்னேன். ஃபீஸ் அனுப்பியது மாமா என்று அவனுக்குத் தெரியும். நாள் கூலி எவ்வளவு என்று தெரியாது. தம்பி சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அறை வாடகையாவது நான் கட்டறேன்" என்றான்.

"வேண்டாம்பா. இது என் பாடு" என்றேன். எங்கள் ஏரியில் பாடு என்றால் முறை. இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டு எடுத்து முறை வைப்பார்கள். முறை வந்தவர்தான் போக வேண்டும், அவருக்குப் பதில் இன்னொருவர் போக முடியாது. அவனும் இந்த ஊரில் வளர்ந்தவன், புரிந்துகொண்டான். போனை எடுத்து எனக்கு நடைபாதை ஓரமாக, கழிப்பறைக்குப் பக்கத்தில் சீட் போட்டுக் கொடுத்தான். அதற்கு 600 ரூபாய். அதை மட்டும் நான் திருப்பித் தரவில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ண வேண்டும் என்று அவனும் ஒரு கட்டளை போட்டிருக்கிறான்.

டிக்கெட்டை அச்செடுத்து பீரோவில் தம்பி போட்டோவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். முட்டிக்குத் தைலம் எழுத மறந்துவிட்டேன். இப்போதுதான் பட்டியலில் சேர்த்தேன்.