ஆகாய சத்திரம்

வழிப் பிரயாணிகளுக்கு நிழலும் நீரும் சோறும் கொடுப்பது நம் தேசத்தில் மிகப் புராதனமான தர்மம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை செல்வோருக்காகப் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். ஒரத்தநாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் துவக்கத்தில் சரபோஜி மன்னர் ஏற்படுத்திய முத்தாம்பாள் சத்திரத்தை நேயர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அத்தகைய சத்திரத்தின் திண்ணையில் வந்து உட்கார்ந்தவனிடம், "நீ எந்த வகுப்பு டிக்கெட் வாங்கியிருக்கிறாய்?" என்று யாரும் கேட்டதில்லை. ஜாதியைக் கேட்டிருப்பார்கள், அந்த வெட்கத்தை இங்கே மறைப்பதற்கில்லை. ஆனால் மடியில் பணம் இல்லை என்ற காரணத்துக்காக எவனும் பசியோடு போனதில்லை.

பிறகு ரயில் வந்தது. ரயிலோடு கூட வகுப்புகளும் வந்தன. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, இண்டர் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ஜனங்களைப் பிரித்ததோடு நில்லாமல், ரயிலுக்குக் காத்திருப்பதையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்புக்காரருக்குச் சாய்வு நாற்காலியும் நிலைக்கண்ணாடியும் வைத்த அறை. மூன்றாம் வகுப்புக்காரருக்கு அவருடைய மூட்டையே ஆசனம். 1915-ல் தாய்நாடு திரும்பிய காந்தியடிகள் மூன்றாம் வகுப்பிலேயே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, 1917-ல் அந்த வண்டிகளின் அவலத்தை எழுதி வெளியிட்டார். 'மூன்றாம் வகுப்பு' என்ற பெயர் நம் ரயில்களிலிருந்து மறைவதற்கு 1974 வரை ஆயிற்று. அதற்குள் வகுப்புகள் தண்டவாளத்தை விட்டு ஆகாயத்துக்கு ஏறிக்கொண்டு விட்டன.

உபாத்தியாயர் சம்பளத்தில் காலக்ஷேபம் செய்யும் நமக்கு ஆகாய விமானத்தில் முதல் வகுப்பு எப்படிக் கிடைத்தது என்று நேயர்கள் வியப்பது நியாயமே. லண்டனில் உத்தியோகம் பார்க்கும் நமது பழைய மாணாக்கர் ஒருவர் மாதத்தில் பாதி நாள் பறந்து கொண்டிருப்பவர். அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனிகள் 'மைல்' என்று ஒன்றைக் கணக்கில் வரவு வைக்கின்றன. பாங்கியில் வட்டி சேர்வதுபோல் அது சேர்கிறது. அல்ஜீப்ராவில் நம்மிடம் வாங்கிய குட்டுக்களுக்குக் கைம்மாறாகவோ என்னவோ, அந்தச் சேமிப்பைச் செலவழித்து அவர் நமக்கு ஒரு டிக்கெட் அனுப்பி வைத்தார். 2023-ஆம் வருஷத்து அரையாண்டு விடுமுறையில் பிரயாணம். சென்னையிலிருந்து கத்தார் நாட்டின் தலைநகரான தோஹா வரையில் சாதாரண வகுப்பு. அங்கிருந்து லண்டனுக்கு முதல் வகுப்பு. நடுவே ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

சென்னை விமானத்தில் நமக்குப் பக்கத்து ஆசனத்தில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர் இருந்தார். குழாய் பொருத்தும் வேலைக்காக முதல் முறை வெளிநாடு போகிறவர். இடுப்புப் பட்டையை எப்படி மாட்டுவது என்று நாம் சொல்லிக் கொடுத்தோம். அவர் தம் தாயார் கட்டிக் கொடுத்த புளியோதரையில் பாதியை நமக்குக் கொடுத்தார். தோஹாவில் இறங்கியதும் வழி இரண்டாகப் பிரிந்தது. ஊருக்குள் போகிறவர்கள் ஒரு பக்கம், வேறு விமானம் ஏறுகிறவர்கள் ஒரு பக்கம். "சார், நீங்க இந்தப் பக்கம் வரலையா?" என்று அவர் திகைப்புடன் கேட்டார். இல்லையென்று தலையசைத்தோம். கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தோஹாவின் ஹமத் விமான நிலையம் 2014-ல் திறக்கப்பட்டது. அதன் பெரும் பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். மத்திய மண்டபத்தில் மஞ்சள் நிறக் கரடி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகளின் பஞ்சுப் பொம்மை போலத் தோன்றும். தட்டிப் பார்த்தால் வெண்கலம்! உயரம் 23 அடி. அதன் முதுகிலிருந்து ஒரு மேஜை விளக்கு முளைத்துத் தலைக்கு மேல் கவிந்திருக்கிறது. ஊர்ஸ் பிஷர் என்ற ஸ்விட்ஸர்லாந்துச் சிற்பியின் கைவேலை. 2011-ல் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது 68 லக்ஷம் டாலருக்குப் போயிற்று. இவ்வளவு பணத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்பது நமக்கு விளங்கவில்லை. ஆனால் அதன் காலடியில் நேபாளத்தாரும், வங்காளிகளும், ஆப்பிரிக்கர்களும், நம்மவர்களும் கைப்பைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படுத்திருந்த காட்சி நம் மனத்தைக் கவர்ந்தது. ரயிலடி வேப்பமரத்தின் ஸ்தானத்தை அந்தக் கரடி வகிக்கிறது.

இந்தப் பாரசீக வளைகுடாக் கரைக்கும் நம் சென்னைக்கும் உள்ள ஆகாய உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1932-ல் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் லண்டனுக்கும் கராச்சிக்கும் நடுவே ஷார்ஜாவில் இராத்தங்கத் தொடங்கின. அங்கே பிரயாணிகளுக்காக அவ்வூர் ஷேக் ஒரு தங்குமிடம் கட்டிக் கொடுத்தார். பார்வைக்கு அது ஒரு சிறு கோட்டை! சுற்றிலும் வெறும் மணல். உள்ளே கட்டிலும் சாப்பாடும். அந்தக் கட்டடம் இப்போது பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. அதே 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந்தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தாமே விமானம் ஓட்டி பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து அவருடைய சகா நெவில் வின்ஸென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். ஆகவே லண்டனிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாக வந்த கடிதங்கள் அந்த மணற்கோட்டையில் தங்கி வந்தவைதான்.

பணக்காரப் பிரயாணிகளுக்கென்று தனி மண்டபம் வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1939-ல் நியூயார்க் லா கார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, தான் அழைத்தவர்கள் மட்டுமே நுழையக்கூடிய ஒரு கூடத்தைத் திறந்தது. பிறகு மற்றக் கம்பெனிகளும் சும்மா இருக்குமா? இன்று உலகத்தின் பெரிய விமான நிலையங்களிலெல்லாம் அவை பெருகியிருக்கின்றன. 'லவுஞ்சு' என்று பெயர். காசு கேளாமல் சோறு போடுகிறார்கள், படுக்க இடம் கொடுக்கிறார்கள் என்பதைக் கொண்டு நாம் இவற்றைச் சத்திரம் என்றே அழைக்க உத்தேசம். காசை முன்னாலேயே வாங்கிக்கொண்டு விடுகிறார்கள் என்பது மட்டும் ஒரு சிறு வித்தியாசம்.

கத்தார் ஏர்வேஸ் கம்பெனியார் தங்கள் முதல் வகுப்புச் சத்திரத்துக்கு 'அல் ஸப்வா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்று அர்த்தமாம். வாசலில் ஒரு பெண்மணி நமது டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, நமது ரப்பர் செருப்பையும் ஜோல்னாப் பையையும் பாராதவள் போல், பெயரைச் சொல்லி வரவேற்று உள்ளே அழைத்துச் சென்றாள்.

கதவு மூடியதும் நம்மை முதலில் தாக்கியது நிசப்தம். வெளியே அறிவிப்புக்களும் குழந்தைகளின் அழுகையும் சக்கரப் பெட்டிகளின் கடகடப்பும் ஒரு கணம் முன்புவரை காதைத் துளைத்தன. இங்கே தண்ணீர் விழும் ஓசை ஒன்றுதான். வெளிர் நிறக் கற்சுவர்கள் கோயில் பிராகாரம் போல் உயர்ந்து நிற்கின்றன. தோஹாவின் இஸ்லாமியக் கலைக் காட்சிசாலையைப் பின்பற்றிக் கட்டியதாகச் சொல்லுகிறார்கள். அந்தக் காட்சிசாலையை அமைத்த சிற்பி ஐ. எம். பெய், கெய்ரோவின் இப்னு தூலூன் மசூதியில் உள்ள கைகால் சுத்தி செய்யும் மண்டபத்தைக் கண்டு அதில் லயித்து, அந்த வடிவத்தையே மாதிரியாகக் கொண்டார். 2008-ல் காட்சிசாலை திறந்தபோது அவருக்கு வயது 91. ஆடம்பரம் என்றால் தங்க முலாமும் பட்டுத் திரையுமாக இருக்கும் என்று எண்ணிச் சென்ற நமக்கு இந்தக் கல்லின் அடக்கம் மிகவும் பிடித்திருந்தது. கத்தாரில் ஆறு என்பதே கிடையாது. குடிக்கும் நீரில் பெரும் பகுதியைக் கடலிலிருந்து எடுத்து உப்பை நீக்கியே உண்டாக்குகிறார்கள். அப்பேர்ப்பட்ட நாட்டில் வெறும் அழகுக்காக நீரை ஓடவிடுவதைக் காட்டிலும் பெரிய டாம்பீகம் வேறு என்ன இருக்க முடியும்!

கடைகள், ஸ்நான அறைகள், தூங்கும் அறைகள், உடம்பு பிடித்து விடும் இடம், குழந்தைகள் விளையாடும் அறை எல்லாம் உண்டு. அவற்றை விவரித்தால் நேயர்களுக்கு அலுத்துவிடும். போஜன விஷயம் மட்டும் சொல்லுகிறோம். எலுமிச்சம்பழம் பிழிந்த பருப்பு ரஸம் ஒன்று வந்தது. நம் மிளகு ரஸத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கொண்டைக்கடலையை எள்ளோடு அரைத்த விழுது, சுடச்சுட ரொட்டி, பேரீச்சம்பழம். பிறகு அரேபியக் காப்பி. கும்பகோணத்துக் காப்பியில் வளர்ந்தவர்கள் அதைக் காப்பி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஏலக்காய் மணக்கும் மஞ்சள் நிறக் கஷாயம். பிடியில்லாத சிறு கிண்ணத்தில் இரண்டு வாய் அளவே வார்க்கிறார்கள். போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் காட்ட வேண்டும். இந்த ரகசியம் தெரியாமல் நாலு கிண்ணம் குடித்தோம். நாலாவதில் ருசி பிடிபட்டது.

அவ்வளவு பெரிய கூடத்தில் அந்த வேளையில் விருந்தினர்கள் பன்னிரண்டு பேர் இருக்கலாம். சிப்பந்திகள் அதைவிட அதிகம். நாம் ஆசனத்தை விட்டு எழுந்தால் ஒருவர் ஓடி வந்து, "ஏதாவது வேண்டுமா?" என்கிறார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே களைத்துப் போனோம்.

மேஜையைத் துடைக்க வந்த ஓர் இளைஞர், நம் கையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"சார் தமிழா?"

"ஆமாம், தம்பி. உனக்கு எந்த ஊர்?"

"தென்காசிப் பக்கம் சார். நீங்க வாத்தியாரா?"

எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். "புஸ்தகத்தில பென்சிலால கோடு போடுறீங்களே!" என்று சிரித்தார்.

எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உட்கார்ந்து பேசேன், அப்பா" என்றோம். நம் ஊர் வழக்கத்தில் வாய் தவறாமல் வந்துவிடுகிற வார்த்தை அது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "டூட்டி நேரத்தில முடியுமா சார்? நீங்க பேசுங்க, நான் துடைச்சிக்கிட்டே கேக்கிறேன்" என்றார். அந்த மேஜை ஏற்கெனவே பளபளத்தது. அதைக் கால் மணி நேரம் துடைத்தார்.

ஊரில் ஒரு ஏஜெண்டுக்கு ஒன்றரை லக்ஷம் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். கடன் அடைவதற்கு ஒரு வருஷமும் சொச்சமும் ஆயிற்றாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போக லீவு. அவர் கப்பல் ஏறிய பிறகு - விமானம் ஏறிய பிறகு என்று சொல்ல வேண்டும். இந்தப் பழைய சொல் நம்மை விடுவதாயில்லை - பெண் குழந்தை பிறந்தது. பதினாலு மாதம் ஆகிறது. டெலிபோன் கண்ணாடியில் தினமும் முகத்தைப் பார்க்கிறார். "என்னைப் பார்த்தா போன்னுதான் நினைக்கும் சார். நேரில பார்த்தா அழும்னு வீட்டில சொல்றாங்க" என்றார். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கத்தாரில் வசிப்பவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் வெளி தேசத்தார். அவர்களில் இந்தியர்கள் மிகப் பெரிய கூட்டம். முன்பெல்லாம் வேலைக்கு வைத்துக்கொண்ட எஜமானர் அனுமதிச் சீட்டுக் கொடுத்தால்தான் தொழிலாளி நாட்டை விட்டு வெளியேற முடியும். 2018-ல் பெரும்பாலோருக்கும், 2020-ல் வீட்டு வேலைக்காரர் முதலியோருக்கும் அந்த நிபந்தனை நீங்கிற்று. 2021-ல், குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால் என்றும், சாப்பாடும் ஜாகையும் கொடுக்காத எஜமானர் அதற்காக 300-ம் 500-ம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. இவை நல்ல மாறுதல்கள், பாராட்ட வேண்டியவை. ஆனால் லீவுக்காகக் காத்திருக்கும் நாட்களைக் குறைக்க எந்தச் சட்டமும் வந்ததாகத் தெரியவில்லை. நாம் அங்கே ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். அந்த ஐந்து மணி நேரத்தையும் மெத்தையில் சுற்றி, ஏலக்காய் போட்டுக் கொடுத்தார்கள். கொடுத்த கை பதினாலு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தது. சாப்பிட்ட பேரீச்சம்பழம் அதற்குப் பிறகு நமக்கு அவ்வளவாக இனிக்கவில்லை.

"போன லீவுக்கு ஊருக்குப் போறப்ப நான் அந்தக் கரடிக்குக் கீழேதான் சார் மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்" என்றார் அவர். "டூட்டி டிரெஸ் இல்லாம, காலை நீட்டிக்கிட்டு!"

சத்திரத்துக்குள் விமானங்களைப் பற்றிக் கூவி அறிவிப்பதில்லை. நேரம் ஆனதும் யாராவது வந்து காதோடு சொல்லுகிறார்கள். நம் விமானம் ஏர்பஸ் 380 என்னும் இரண்டடுக்கு ராக்ஷஸ ஜாதி. மொத்தம் 517 ஆசனங்கள். அவற்றில் 461 சாதாரண வகுப்பு, 48 நடு வகுப்பு. முதல் வகுப்பு மேல் மாடியின் முனையில் எட்டே எட்டு. எட்டுப் பேருக்காகவா இத்தனை கல்லும் நீரும் என்று நினைக்க வேண்டாம். வேறு சில விமானங்களின் முதல் வகுப்பினரும் இங்கே வருகிறார்கள்.

நாம் எழுந்ததும் தென்காசி இளைஞர் வந்து ஜோல்னாப் பையை எடுத்துக்கொண்டார். நாம் விடவில்லை. அவரும் விடவில்லை. வாசல் வரையில் இருவருமாக ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அங்கே நின்ற பெண்மணி பார்த்துப் புன்னகை செய்தாள்.

"குழந்தைக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டோம். சொன்னார். அவருடைய தாயாரின் பேராம்.

பையை நம் தோளில் மாட்டிவிட்டு, "லண்டன்ல இப்ப ரொம்பக் குளிரும் சார். ஸ்வெட்டர் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றார்.